'ஃபாலீஸ்' இசைநாடகத்தின் 1971 ஒலிப்பதிவை ரசிகர்கள் ஏன் இவ்வளவு திட்டுகிறார்கள்? முதலில் எந்தப் பதிவைக் கேட்பது?

திட்டுகிறவர்களேதான் அதை விடாமல் கேட்கவும் செய்கிறார்கள். அந்த ஆல்பத்தில் கெட்டது பதிவும் வெட்டும்தான், பாடியவர்கள் இல்லை.

நாடகம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இசையும் பாடல் வரிகளும் ஸ்டீபன் சாண்ட்ஹைம், கதை வசனம் ஜேம்ஸ் கோல்ட்மன். 1971 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கி 522 காட்சிகள் ஓடியது. இடிக்கப்போகும் ஒரு பழைய அரங்கில், ஒரு காலத்தில் அங்கே ஆடிப்பாடிய பெண்கள் வயதான பிறகு ஓர் இரவு கூடுகிறார்கள். நடுவில் இரண்டு தம்பதிகளின் கசந்துபோன கல்யாணம். அவர்களுடைய இளவயது உருவங்கள் ஆவிகளாகக் கூடவே திரியும்.

பாடல்கள் ஏராளம், ஒரு எல்பியில் (அந்தக்கால இசைத்தட்டு) அடங்காது. ஆனால் கேபிடல் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒரே எல்பியாகத்தான் வெளியிட்டது. எல்பியின் ஒரு பக்கம் 25 நிமிடத்தைத் தாண்டினால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும். அப்படி நெருக்கினால் சத்தத்தையும் பேஸையும் (கனத்த கீழ் ஒலி) குறைத்தே ஆகவேண்டும். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலியும் சிதையும். அதனால் கத்தரி விழுந்தது. 'ரெயின் ஆன் தி ரூஃப்' போனது, 'லவ்லேண்ட்' போனது. 'ஒன் மோர் கிஸ்' பதிவாகியும் எல்பியில் இடம் கிடைக்காமல், சிடி வந்தபோதுதான் சேர்ந்தது.

முழுப் பாட்டு போனதைக்கூடப் பொறுக்கலாம், பாட்டுக்குள்ளேயே வெட்டியதுதான் ரசிகர்களுக்கு ஆறாத கோபம். 'ஐம் ஸ்டில் ஹியர்' ஒரு பட்டியல் பாட்டு. ஒரு நடிகை தான் தாக்குப்பிடித்த காலங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவாள். ஒவ்வொரு அடுக்கிலும் இசை ஒரு படி ஏறும். நடுவில் படிகளை உருவிவிட்டால் கடைசி உச்சம் திடீரென்று வந்து நிற்கிறது. ஈவான் டி கார்லோ நன்றாகத்தான் பாடியிருக்கிறார், ஏறிவர அவருக்குப் படிகள்தான் இல்லை. ஒலியும் சுகமில்லை. குரல் காதோரம், வாத்தியக்குழு பக்கத்து அறையில் இருப்பதுபோல. வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதிய ஜொனதன் டுனிக்கின் இசைக்கோவையில் இன்றைய மனசுக்கு ஒரு நிறம், அந்தக்கால மேடைப்பாட்டுக்கு வேறு நிறம். இந்தப் பதிவில் இரண்டும் கலங்கிவிடுகின்றன.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1985 செப்டம்பரில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவை வைத்துக் கச்சேரி வடிவில் நடத்திப் பதிவுசெய்தார்கள். வாத்தியக்குழுவை நடத்தியவர் பால் ஜெமின்யானி. பார்பரா குக், லீ ரெமிக், ஜார்ஜ் ஹெர்ன், மான்டி பட்டின்கின், கேரல் பர்னெட் என்று பெரிய கூட்டம். வாத்திய ஒலிக்கு இதற்கு இணை கிடையாது. ஆனால் நேரடிப் பதிவு, அதுவும் நட்சத்திர விழா. வாய்திறப்பதற்கு முன்பே கைதட்டல் வருகிறது. தோற்றுப்போனவர்களின் கதையில் ஒவ்வொருவரையும் அரங்கமே எழுந்து வரவேற்றால் கதை எப்படி ஒட்டும்? இந்தப் பதிவை ஆகச்சிறந்தது என்பவர்களும் கேட்கவே முடியவில்லை என்பவர்களும் சண்டைபோடுவது இந்த ஓர் இடத்தில்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

1987 லண்டன் பதிவை முதலில் எடுக்காதீர்கள். சில பாடல்களையே மாற்றிவிட்டார்கள்; 'தி ரோட் யூ டிட்ன்ட் டேக்' இருக்காது, அந்த இடத்தில் 'கன்ட்ரி ஹவுஸ்' வரும். மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டால் குழம்பிப்போவீர்கள். 1998இல் வந்த, பேப்பர் மில் என்ற நாடக அரங்கின் பதிவு இரண்டு சிடி, நாடகத்திலிருந்து கைவிட்ட பாடல்களும் பின்னிணைப்பாக உண்டு. ஆராய்கிறவர்களுக்கு அது புதையல்; மற்றவர்களுக்குக் கொஞ்சம் சாவகாசமான வேகம்.

கதை பிடிபட வேண்டுமென்றால் 2011 பிராட்வே மறுமேடையேற்றப் பதிவிலிருந்து தொடங்குங்கள். அதுவும் இரண்டு சிடி, பாடலை ஒட்டிய வசனங்களும் இருப்பதால் யார் யாரிடம் ஏன் பாடுகிறார் என்பது புரியும். பிறகு 1971க்குப் போங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: என்னென்ன வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிட்டால், வெட்டு விழுந்த இடத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். லண்டன் நேஷனல் தியேட்டரின் 2017 தயாரிப்பின் பதிவும் நன்றாக இருக்கிறது, இமெல்டா ஸ்டான்டனுக்காகவே கேட்கலாம்.

ஒரே பாட்டை வைத்து எல்லாவற்றையும் உரசிப்பார்க்க 'லூசிங் மை மைண்ட்' போதும்; கைகூடாத காதலில் புத்தி பேதலிக்கும் சாலி பாடுவது அது. 1971இல் டொரதி காலின்ஸ் அழவில்லை, குரலை உடைக்கவில்லை. அன்றாட வேலைகளைச் சொல்வதுபோல நேராகப் பாடுகிறார். அந்த நிதானமே பயமுறுத்துகிறது. பார்பரா குக்கிடம் குரலின் செழுமை மேலோங்கி நிற்கும், பைத்தியம் சற்றுப் பின்னால் போய்விடும். 2011இல் பெர்னடெட் பீட்டர்ஸ் பாட்டுக்கும் விசும்பலுக்கும் நடுவில் நிற்கிறார். அது சிலருக்கு உயிர், சிலருக்கு மிகை. என் ஓட்டு காலின்ஸுக்கு. அதே 1971 பதிவில் அலெக்சிஸ் ஸ்மித்தின் 'குட் ஐ லீவ் யூ'வும் அப்படித்தான்: வால்ட்ஸ் என்ற நடனத் தாளத்தில் சிரித்தபடியே விஷம் ஊற்றுகிற பாட்டு அது, பின்னால் வந்த பலர் விஷத்தை முதல் வரியிலேயே காட்டிவிடுகிறார்கள்.

ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சற்று உரக்க ஒலித்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். பழைய மாஸ்டர்கள் (மூலப் பதிவுகள்) புதியவற்றைவிட மெல்ல ஒலிக்கும் என்பதால் 1971 அநியாயமாகத் தோற்கும். செயலியில் ஷஃபிளை (வரிசை மாற்றி ஒலிப்பது) அணைத்து, கிராஸ்ஃபேடைப் (ஒன்று முடியும்முன் அடுத்ததைக் கலப்பது) பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 2011 பதிவில் வசனத்தின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஏறும். ஆல்பத்தில் போட்டிருக்கும் ஆண்டையும் நம்பவேண்டாம், அது மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கலாம். பாடகர் பெயரைப் பாருங்கள்: சாலி என்ற பாத்திரத்துக்கு டொரதி காலின்ஸ் என்றிருந்தால் 1971, பார்பரா குக் என்றால் 1985. 1985 சிடி தொகுப்பின் கடைசியில் சம்பந்தமில்லாத இசை ஓடினால் பயப்படாதீர்கள், அது 'ஸ்டாவிஸ்கி' என்ற திரைப்படத்துக்கு சாண்ட்ஹைம் அமைத்தது. அதையும் அதே தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.