கழிவுநீர் காட்டிக்கொடுக்கும் வைரஸ்

கேள்வி: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ்கள் ஊரில் பரவுவதைச் சாக்கடை நீரைச் சோதித்து அறிகிறார்களாமே, மருத்துவமனைக் கணக்கு போதாதா?

பதில்: போதாது. நோரோ வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாள் வாந்தியோடும் பேதியோடும் வீட்டிலேயே படுத்திருந்து தேறிவிடுவதால், அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை; ஆனால் கழிப்பறைக்குப் போகாதவர் எவருமில்லை. நோய் தணிந்த பின்னும் சில வாரங்கள் வரை மலத்தில் இவ்வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும்.

சுவீடனின் கோதன்பர்க் நகரில், 2013 ஜனவரி முதல் மே வரை, சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துசேரும் கழிவுநீரை இரு வாரங்களுக்கு ஒருமுறை எடுத்து, அதிலுள்ள வைரஸ்களைச் செறிவாக்கி, மரபணுப் பொருளைப் பிரித்து, கொரோனா காலத்தில் நமக்குப் பழகிப்போன பிசிஆர் முறையில் சோதித்தனர். பெரும்பாலான நோயாளிகளுக்கு நோய் உறுதியாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே, நோரோ வைரஸின் ஒரு வகை அந்நீரில் உச்ச அளவைத் தொட்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யும் வேலைதான் என்றாலும், ஊர் முழுவதற்கும் ஒரே புட்டியில் பரிசோதனை முடிந்துவிடுகிறது.

இதற்குக் குறைகளும் உண்டு. கனமழை பெய்தால் கழிவுநீர் நீர்த்து அளவு குழம்பும். எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணிச் சொல்லவும் இயலாது. பாதாளச் சாக்கடை இணைப்பின்றி செப்டிக் டேங்கையே நம்பியிருக்கும் தெருக்கள் இச்சோதனைக்குள் வருவதே இல்லை.