பஞ்சாங்கத்தில் இல்லாத நாள்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் மார்ச் 14 அன்று நண்பர்களோடு அண்ணா நகரில் ஒரு பேக்கரிக்குப் போய், சரியாகப் பிற்பகல் 1.59-க்கு எதையோ வெட்டித் தின்று 'பை தினம்' கொண்டாடிவிட்டு வந்தான். அதே மாதக் கடைசியில் இட்லி தினமாம். அரசும் அறிவிக்காத, பஞ்சாங்கத்திலும் இல்லாத இந்த நாள்களை யார் உண்டாக்குகிறார்கள்? வியாபாரிகளின் விளம்பரத்துக்கு நம் பிள்ளைகள் ஏமாறுவதை நீங்களாவது கண்டிக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கண்டிக்க மாட்டேன். உங்கள் மகன் நல்ல காரியம்தான் செய்திருக்கிறான். அது ஏன் 1.59 என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் பை. கை வளையலை அளந்தாலும் ஊர்க் கிணற்றை அளந்தாலும் அது மாறாது, 3.14159 என்று தொடங்கி முடிவில்லாமல் ஓடும். அமெரிக்காவில் தேதி எழுதும்போது மாதத்தை முதலில் போடுவார்கள். மார்ச் 14 அவர்களுக்கு 3/14. அதை அடுத்த இலக்கங்கள் 1, 5, 9. அந்த 1.59 வந்த வழி இதுதான்.

எந்த பேக்கரியும் இதை யோசித்துப் பிடிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரில் எக்ஸ்ப்ளோரேட்டோரியம் என்று ஓர் அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. எதையும் தொடாதே என்று பலகை மாட்டாமல், தொட்டு, திருகி, ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்லும் இடம் அது. அங்கே வேலை பார்த்த லாரி ஷா என்ற இயற்பியலாளர் 1988-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஒரு மேசையைப் போட்டு, பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரத்தையும் தேநீரையும் வைத்து, உடன் வேலை செய்தவர்களை 1.59-க்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பலகாரத்துக்கும் இந்த எண்ணுக்கும் ஒரே உச்சரிப்பு. அவ்வளவுதான் முதல் வருடக் கொண்டாட்டம்.

அப்புறம் பொதுமக்களும் சேர்ந்தார்கள். ஆளுக்கோர் இலக்கத்தைக் கம்பில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பையின் முதல் நூறு இலக்கங்களைப் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றை வைத்து, அதை 3.14 தடவை சுற்றி வந்தார்கள். கோயில் பிராகாரம் சுற்றி வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. நூறு இலக்கத்தைப் புத்தகத்தில் பார்த்தால் அது எண். உங்கள் முன்னால் 9 நடக்கிறது, பின்னால் 6 நடக்கிறது என்றால் அது ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் நடந்த குழந்தை கணக்கைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் பயப்படாது என்று நான் நம்புகிறேன்.

அரசு அறிவிக்கவில்லையே என்கிறீர்கள். அறிவித்தது. 2009-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இந்த நாளுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2019-இல் யுனெஸ்கோ மார்ச் 14-ஐ உலகக் கணித நாள் என்று அறிவித்தது. ஆனால் 2009 தீர்மானத்துக்கு முன்பே 21 வருடம் மக்கள் யாருடைய அனுமதியும் கேட்காமல் கொண்டாடி முடித்திருந்தார்கள்.

நம்மிடமும் அரசு அறிவித்த கணித நாள் ஒன்று இருக்கிறது. ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22. அன்று பள்ளிகளில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பிள்ளைகள் வரிசையில் நின்று உரை கேட்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பைக்கும் ராமானுஜனுக்கும் உள்ள உறவு லேசானதா? 1914-இல் வெளியான கட்டுரையில் பையைக் கணக்கிட அவர் கொடுத்த சூத்திரங்களில் ஒன்றை வைத்துத்தான் 1985-இல் கணினியில் 1 கோடியே 70 லட்சம் இலக்கங்கள் வரை போனார்கள். அவர் வளர்ந்த வீடு கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இன்றும் இருக்கிறது. தெருவோடு நடந்தால் கோயில். அந்தக் கோயிலின் தேர் பெரிய தேர். மார்ச் 14 அன்று நாலு பிள்ளைகள் ஒரு கயிறோடு போய் அந்தத் தேர்ச் சக்கரத்தைச் சுற்றி அளந்து, குறுக்கே அளந்து, வகுத்துப் பார்க்கட்டும். மூன்றும் கொஞ்சமும் வரும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அங்கேயே சண்டை போடட்டும். கையில் பழப் பை கிடைக்காவிட்டால் வட்டமான அப்பம் போதும்.

சென்னையிலும் இப்படி நடந்திருக்கிறது. 2004-இல் சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ்.முத்தையாவும் இரண்டு பத்திரிகையாள நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் மெட்ராஸ் டே. 1639 ஆகஸ்ட் 22 அன்று இந்தக் கரையோர நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது என்ற கணக்கில் வைத்த நாள். தேதி பற்றி ஆராய்ச்சியாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. கம்பெனிக்காக நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனாலும் அந்த நாளை வைத்துத்தான் எத்தனையோ பேர் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் விடியற்காலை நடந்துபோய்த் தங்கள் ஊரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள். யாருக்கு எது தெரியுமோ அவர் தன் தெருவில் அதைச் சொல்லலாம், தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டாம் என்பது அதன் பெரிய பலம்.

இட்லி தினத்துக்கு வருகிறேன். 2015-லிருந்து மார்ச் 30-ஐ அப்படிக் கொண்டாடத் தொடங்கியவர் சென்னையில் இட்லிக் கடை நடத்திய இனியவன். ஆமாம், வியாபாரிதான். இட்லியை நாள்தோறும் அவித்துக் கொட்டியவருக்கு அதற்கு ஒரு நாள் கேட்க உரிமை இல்லையா? அமெரிக்காவின் டோனட் தினத்தைக்கூட நான் கடைக்காரர்கள் வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். 1938-இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு அதைத் தொடங்கியது, முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போய்ச் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்த பெண்களின் நினைவாக.

உங்கள் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இப்படியொரு 'தினத்தில்' பாதி விலை என்று கேட்டு நானே ஒரு கடை வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியிருக்கிறேன். தள்ளுபடியைத் தவிர வேறெதுவும் இல்லாத நாள்களை விட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் மகன் கொண்டாடியது அந்த ரகம் இல்லை.

அடுத்த மார்ச் 14-க்கு நீங்களும் அவனோடு போங்கள். ஒரு நூலும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள், பேக்கரித் தட்டை முதலில் நீங்கள் அளக்கலாம். தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்கு எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.