கன்னியாப் பக்கம் காட்டோரத்தில் பார்த்த கொண்டை வைத்த பருந்து எது? அது எங்கே வாழும்?

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் வழியில், பட்ட மரக் கொப்பில் கொண்டையோடு ஒரு பெரிய பறவை இருந்தது, முகம் மஞ்சள், அது இராசாளியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மஞ்சள் முகத்தை வைத்துச் சொல்கிறேன், அது கொண்டைப் பாம்புக் கழுகு. எங்கள் திருகோணமலைக் காடுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற வேட்டைப் பறவை.

கொண்டையை நம்பித்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். இராசாளி என்று பலர் சொல்லும் கொண்டைப் பருந்துக்கும் கொண்டை உண்டு. அதற்கு அது நீண்டு, பிடரியில் நாலைந்து இறகு தனியாகக் குத்தி நிற்கும். பாம்புக் கழுகின் கொண்டை சும்மா இருக்கும்போது படிந்து கிடக்கும், தலை பருத்த மாதிரித்தான் தெரியும். மிரண்டால் விசிறி போல விரியும். அப்போது கறுப்பு இறகுகளின் அடியில் வெள்ளை தெரியும்.

என்னைக் கேட்டால் முதலில் காலைப் பாருங்கள். பாம்புக் கழுகின் கால் இறகில்லாமல் வெறும் மஞ்சளாக, செதில் செதிலாக இருக்கும். கொண்டைப் பருந்துக்கு விரல் தொடங்கும் இடம் வரைக்கும் இறகு மூடியிருக்கும். அடுத்து வயிறு. பாம்புக் கழுகுக்கு மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். மற்றதற்கு வெளிர் நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கறுத்த கோடுகள். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இறகில்லாத மஞ்சள் தோல் இருப்பது பாம்புக் கழுகுக்குத்தான்.

பறக்கும்போது பாம்புக் கழுகை அடையாளம் காண்பது இன்னும் லேசு. சிறகைச் சற்று மேல்நோக்கிப் பிடித்து வட்டமிடும். கீழிருந்து பார்த்தால் சிறகின் ஓரத்தை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் அப்படி ஒன்று. வெயில் ஏறி, ஒன்பது பத்து மணிக்குக் காற்று சூடானதும் மேலே கிளம்பும், கத்திக்கொண்டே சுற்றும். நீண்ட ஒரு விசில், அதன் பின்னால் இரண்டு மூன்று குட்டை விசில். பழகிவிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கொண்டைப் பருந்தின் குரல் வேறு, 'கி-கி-கி' என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் 'கீ' என்று இழுக்கும்.

வாழும் இடம் என்றால், பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கிற எங்கள் வறண்ட காடு. ஆனால் அடர்காட்டுக்குள் தேடி அலைய வேண்டாம். பாம்பு, ஓணான், தவளைதான் இதன் சாப்பாடு, ஆகையால் காடு முடிந்து வயலோ குளமோ தொடங்குகிற ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கந்தளாய்க் குளத்தைச் சுற்றியும் ஹபரணை வீதியோரக் காடுகளிலும் பஸ் யன்னலில் இருந்தே பார்க்கலாம். மாரி மழை பெய்து குளம் குட்டை நிறைந்த பிறகு தவளைக்குப் பஞ்சமில்லை, கழுகுக்கும் நல்ல காலம். கூட்டை உயர்ந்த மரத்தில், பெரும்பாலும் நீரோடைப் பக்கம் கட்டும். வழமையாக ஒரே முட்டைதான்.

கோழிக்குஞ்சு காணாமல் போனால் பழியெல்லாம் இதன் தலையில் விழுகிறது, பாவம். அந்தக் கணக்கைக் கொண்டைப் பருந்திடமோ வல்லூறிடமோ கேட்பதுதான் நியாயம். வல்லூறு புறா அளவுதான், சாம்பல் முதுகு, ஊருக்குள் வளவு மரங்களிலேயே இருக்கும்.

மறுபடி கண்டால் காலும் வயிறும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இளம் பறவை என்றால் தலையும் நெஞ்சும் வெளுத்து வேறு ஏதோ பறவை போல இருக்கும். கால் மட்டும் அப்போதும் இறகில்லாத மஞ்சள்தான்.