ஹார்ட் டிஸ்க் 'ரீட் ஒன்லி'ன்னு மொரண்டு புடிச்சா ஃபார்மேட் அடிச்சிராதீங்க

பாளையங்கோட்டைல கல்யாண வீடியோ எடுக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணாச்சி, பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ தூக்கிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன், நல்லாத்தான் ஓடுது. ஆனா 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா பழைய ஃபைல் எல்லாம் தொறக்குது, புதுசா ஒண்ணும் ஏற மாட்டேங்குது, ரீட் ஒன்லிங்குது. சில நேரம் பாதி காப்பில டிஸ்க்கே காணாம போயிருது. ஃபார்மேட் அடிச்சிரவா?"

வேண்டாம் தம்பி, பொறுங்க. இது ரெண்டு வேற வேற வியாதி, நீங்க ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிடுதீங்க.

மொதல்ல ரீட் ஒன்லி. உங்க டிஸ்க் என்டிஎஃப்எஸ்ல இருக்கும், அது டிஸ்க்ல ஃபைல அடுக்கி வைக்கிற விண்டோஸ்காரன் முறை. விண்டோஸ் 8லருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு வந்துச்சு, ஷட்டவுன் குடுத்தாலும் அது முழுசா அணையாம பாதித் தூக்கத்துலதான் கெடக்கும், அந்த நேரம் டிஸ்க்க உருவியிருந்தீங்கன்னாலோ இல்ல எஜெக்ட் குடுக்காம வெடுக்குன்னு புடுங்கியிருந்தாலோ, வேலை முடியலன்னு ஒரு அடையாளம் டிஸ்க்லயே நின்னுபோகும், லினக்ஸ் அதப் பாத்துட்டு நம்ம எழுதப்போயி இருக்குறதயும் கெடுத்துரக் கூடாதேன்னு ஒதுங்கிக்கிடுது. நல்ல புத்திதான். படிக்க முடியுதுல்லா, அப்ப முக்கியமான கல்யாணத்தையெல்லாம் ஒடனே வேற எங்கயாவது காப்பி பண்ணிருங்க. அப்புறமா பக்கத்துல யார்ட்டயாவது விண்டோஸ் லேப்டாப் வாங்கி மாட்டி, டிஸ்க் செக் ஓட்டி, முறையா எஜெக்ட் பண்ணிட்டு வாங்க. லினக்ஸ்லயே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஆனா அது பெருசா ரிப்பேர் ஒண்ணும் பாக்காது, சின்னச் சின்னக் கோளாற மட்டும் சரி பண்ணிட்டு முழு செக்க விண்டோஸ் தலையில கட்டிரும், அத நம்பி ஏமாறாதீங்க.

ரெண்டாவது வியாதி, டிஸ்க் பாதில காணாம போறது, அனேகமா கரண்டு பத்தாத கோளாறு. தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க் எல்லாம் யுஎஸ்பிலருந்துதான் கரண்டு குடிக்கும், யுஎஸ்பி 2 போர்ட்ல 500 மில்லி ஆம்பியர், 3ல 900. உங்களுது பழைய கம்ப்யூட்டர்ங்கீங்க, முன்பக்க போர்ட்ல நீள வயர்ல மாட்டியிருந்தா பைய பைய மூச்சு வாங்கி நின்னுரும். பின்பக்க போர்ட்ல, குட்டி வயர்ல, ஹப் (ஒரு போர்ட்ட பலதா பிரிக்கிற பெட்டி) எதுவும் இல்லாம மாட்டிப் பாருங்க. அப்படியும் போச்சுன்னா டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) sudo dmesg அடிச்சு கடைசி பத்து வரிய எனக்கு அனுப்புங்க.

இதெல்லாம் சரியானப்புறம், ஃபைல் எல்லாம் வேற டிஸ்க்ல பத்திரமா இருக்குன்னா மட்டும், இத ஃபார்மேட் அடிச்சு லினக்ஸ்காரன் முறையான இஎக்ஸ்டி4ஆ மாத்திக்கிடலாம். டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அதுல செய்ங்க, ஆனா எந்த டிஸ்க்னு சைஸ ரெண்டு தடவ பாத்துட்டு அமுக்குங்க (நான் ஒருக்கா பாக்காம அமுக்கிட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல). இஎக்ஸ்டி4 விண்டோஸ்ல சாதாரணமாத் தொறக்காது, ஆல்பம் அடிக்கக் குடுக்குற டிஸ்க்னா ரெண்டுலயும் தொறக்குற எக்ஸ்ஃபேட் முறை போடுங்க. ஃபேட்32ங்கிற பழைய முறை பக்கமே போகாதீங்க, 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, முகூர்த்த வீடியோ ஒண்ணே அதத் தாண்டிரும்.

இன்னொண்ணு, மின்ட்ல டைம்ஷிஃப்ட் இருக்கே, அதான் பேக்கப்னு நெறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க. அது சிஸ்டத்தத்தான் காப்பாத்தும், உங்க ஹோம் ஃபோல்டர்ல இருக்குற படத்த நீங்களா சொல்லாத வரைக்கும் தொடவே தொடாது! படத்துக்கு பேக் இன் டைம்ங்கிற பேக்கப் ஆப் போடுங்க. காப்பி பட்டை நெறஞ்சிட்டேன்னு வயரப் புடுங்காதீங்க, கொஞ்சம் டேட்டா இன்னும் ரேம்லதான் நிக்கும், எஜெக்ட் குடுத்து எடுக்கலாம்னு சொன்னப்புறம் எடுங்க.

ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு வாங்கிருங்க. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஏறி வந்தப்போ திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைல கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே மேசைக்குக் கீழதான் இருந்துச்சு, ரெண்டும் சேந்தே முங்கிட்டு. உங்களுக்குத் தென்காசிலயோ ஆலங்குளத்துலயோ அக்கா வீடு இருந்தா அங்கன ஒண்ணு இருக்கட்டும், மாசம் ஒருக்கா போறப்ப மாத்திட்டு வந்துருங்க.