நெஞ்சு இறகுகளைப் பிய்த்துக்கொள்ளும் காக்கட்டூவுக்கு

வணக்கம். உங்கள் ஆறு வயது வெள்ளைக் காக்கட்டூ (தலையில் கொண்டையுள்ள கிளி வகை), நீங்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின் நெஞ்சு இறகுகளைப் பிய்த்துக்கொள்வதாகவும், துணைக்கு இன்னொரு பறவை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். முதலில் அதன் தலையைப் பாருங்கள்: தானே பிய்க்கும் பறவையின் அலகு தலைக்கு எட்டாது என்பதால் கொண்டை முழுமையாக இருக்கும், அங்கும் இறகு உதிர்ந்திருந்தாலோ, இறகிலிருந்து உதிரும் வெண்பொடி படிந்து சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டிய அலகு பளபளவென்று கறுத்திருந்தாலோ, அது அலகு-இறகு நோய் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸ் பிற கிளிகளுக்கும் எளிதில் தொற்றும். எப்படியிருந்தாலும், பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நோய் இல்லையென்றால், தனிமையும் சலிப்புமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தோனேசியாவின் ஹல்மஹேரா முதலிய தீவுக் காடுகளில் பகலெல்லாம் மரத்தைக் கொத்தியும் இரை தேடியும் திரியும் இனம் இது. கூண்டில் கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை வைத்துவிட்டால், அதன் அலகுக்கு வேலையே இல்லாமல் போகிறது. விதையைக் குறைத்து, வேகவைத்த பூசணி, கேரட், முருங்கைக்கீரை கொடுங்கள். உணவில் ஒரு பகுதியைத் தென்னை மட்டைத் துண்டுகளுக்குள்ளும் காகிதப் பொட்டலங்களுக்குள்ளும் ஒளித்துவையுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவாதீர்கள். அது இனச்சேர்க்கை உணர்வைத் தூண்டிப் பிய்த்தலை மோசமாக்கக்கூடும். தலையை வருடினால் போதும்.

இறகு மீண்டும் முளைக்கப் பல மாதங்கள் ஆகலாம்.