மூன்று ஹார்ட்டின் வந்தால் கடைசி வரை போகலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மாதம் ஒன்றிரண்டு சனிக்கிழமை அட்லாண்டிக் சிட்டி போய் 5-10 டாலர் மேசையில் செவன் கார்டு ஸ்டட் (ஆளுக்கு ஏழு சீட்டு வரும் போக்கர்) ஆடுவேன். முதல் மூன்று சீட்டும் ஒரே இனமாக விழுந்துவிட்டால் என்னால் கையை விட முடிவதில்லை. ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வந்துவிடும் என்று ஏழாவது சீட்டு வரை கட்டிக்கொண்டே போகிறேன். ஆறு மாதத்தில் சுமார் 3,000 டாலர் போய்விட்டது. போன முறை கையிலிருந்தது தீர்ந்து, கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தேன். எப்போது துரத்தலாம், எப்போது விடவேண்டும்? நஷ்டத்தை வரியில் கழிக்க முடியுமா சார்?

பதில்: முதலில் கார்டு. கார்டில் பொருள் வாங்கினால் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும்; ரொக்கம் எடுத்தால் கிடைக்காது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அதற்குக் கட்டணம் வேறு. அந்தப் பாக்கியை அடுத்த சம்பளத்திலேயே அடையுங்கள். அது தீரும்வரை மேசைப் பக்கம் போகவேண்டாம். அதற்குப் பிறகு போனாலும், தொலைந்தால் பரவாயில்லை என்று வீட்டிலேயே எண்ணி வைத்த ரொக்கம் மட்டும் பையில் இருக்கட்டும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். மூன்று சீட்டும் ஹார்ட்டின் என்றால், ஏழு சீட்டு முடிவதற்குள் ஃப்ளஷ் அமைய வாய்ப்பு சுமார் 18 சதவீதம். அதாவது ஐந்து தடவைக்கு ஒரு தடவைகூடத் தேறாது. ஆனால் இது மற்றவர்கள் சீட்டைப் பார்க்காமல் போட்ட கணக்கு. ஸ்டட்டில் எதிராளிகளின் சீட்டில் பாதிக்கு மேல் திறந்தே கிடக்கும். முதல் மூன்று சீட்டில் ஆளுக்கு ஒன்று திறந்திருக்கும்; எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் உங்களுக்கு எதிரே ஏழு திறந்த சீட்டு. அதில் ஒரு ஹார்ட்டின்கூட இல்லை என்றால் உங்கள் வாய்ப்பு 23 சதவீதத்தைத் தாண்டும். மூன்று ஹார்ட்டின் வெளியே தெரிந்தால் 12 சதவீதம்தான். கையில் அதே மூன்று சீட்டு, மதிப்பு பாதியாகிவிட்டது! அதனால் உங்கள் சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் மேசையை ஒரு சுற்றுப் பாருங்கள். கையை விட்டவர்களின் சீட்டை டீலர் வாரிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் அளவுகோல் இது: உங்கள் இனம் வெளியே மூன்று தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கையில் ஏஸ், ராஜா மாதிரி பெரிய சீட்டு இருந்தால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஜோடி சேர்ந்தாலும் உதவும். நான்காவது சீட்டு வேறு இனமாக வந்தால் வாய்ப்பு சுமார் 10 சதவீதத்துக்குச் சரிகிறது. அதற்கு மேல் காசு கட்டாதீர்கள். நான்காவதும் ஹார்ட்டின் என்றால் அது 47 சதவீதமாக ஏறும், தைரியமாகப் போகலாம்.

பணம் உண்மையில் கரைவது ஐந்தாவது சீட்டில். அதுவரை 5 டாலராக இருந்த பந்தயம் அங்கே 10 ஆகிறது. உங்களிடம் ஹார்ட்டினில் ராஜா, 10, 7, 4, கூடவே கிளாவர் 9 என்று வைத்துக்கொள்வோம். எதிராளி ராணியைக் காட்டிக்கொண்டு, ஜோடி இருக்கிற தோரணையில் 10 டாலர் கட்டுகிறார். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நடுவில் ஏற்கெனவே 35 டாலர், அவருடைய 10 சேர்த்து 45. நீங்கள் கடைசி வரை போக இப்போது 10, ஆறாவது சீட்டில் இன்னொரு 10, ஆக 20 கட்டவேண்டும். அவரும் ஆறாவதில் 10 போடுவார் என்றால் ஜெயித்தால் வருவது 55. அப்படியானால் 75-க்கு 20, சுமார் 27 சதவீத வாய்ப்பாவது வேண்டும். காசினோ எடுக்கும் கமிஷனைச் சேர்த்தால் 28, 29 என்று வையுங்கள்.

இதுவரை 16 சீட்டு உங்கள் கண்ணில் பட்டிருந்தால் பாக்கி 36. மற்றவர்களிடம் இரண்டே ஹார்ட்டின் போயிருந்தால் மிச்சம் ஏழு. வாய்ப்பு 35 சதவீதத்துக்கு மேல். கட்டுங்கள். ஐந்து போயிருந்தால் மிச்சம் நாலு. வாய்ப்பு 21 சதவீதம். விடுங்கள். எதிராளியின் திறந்த சீட்டிலேயே ஜோடி விழுந்துவிட்டால் கணக்கு இன்னும் மோசம். ஃப்ளஷ் அமைந்தாலும் அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, கூடவே ஒரு ஜோடி) வந்து அடிக்கலாம்.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் நீங்கள் முன்பு கட்டிய பணம் எங்கேயும் தனியாக வரவில்லை. நடுவில் போட்ட பிறகு அது உங்களுடையது இல்லை. ஆனால் நீங்கள் விடாமல் கட்டுவதே, ‘இவ்வளவு போட்டாச்சே’ என்பதால்தான் என்று உங்கள் கேள்வியைப் படித்தால் தோன்றுகிறது. பங்குச்சந்தையில் விலை விழுந்துகொண்டே இருக்கும் பங்கை ‘ஆவரேஜ் பண்ணுகிறேன்’ என்று மேலும் மேலும் வாங்குகிறவர்களிடம் நான் தினமும் பார்க்கிற பழக்கம் இது. ஏழாவது சீட்டிலும் ஃப்ளஷ் விழவில்லை என்றால், எதிராளி என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக இன்னொரு 10 டாலர் கட்டாதீர்கள்.

அப்புறம் வரி. உங்கள் 3,000 டாலர் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அமெரிக்க மத்திய வரியில் சூதாட்ட நஷ்டத்தைச் சூதாட்ட லாபத்துக்கு எதிராக மட்டும்தான் காட்டலாம், அதுவும் எல்லோருக்கும் பொதுவான கழிவுத் தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனை விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்குத்தான். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு வருடத்தில் 4,000 ஜெயித்து 4,000 தோற்றால், 3,600-தான் கழியும். கையில் ஒரு டாலர்கூட மிஞ்சாத நிலையிலும் 400-க்கு வரி கட்டவேண்டி வரும். எனவே ஒவ்வொரு முறையும் தேதி, இடம், மேசை, கொண்டுபோனது, திரும்பக் கொண்டுவந்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.