வாரக் கூடைக் காய்கறி: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பண்ணையில் சந்தா கட்டி வாரம் ஒரு கூடை காய் வாங்கும் வீடுகள் பெங்களூரில் பெருகிவிட்டன. கடைக்குப் போனால் சமையலை நினைத்துக் காய் வாங்குவோம். கூடையில் காய் வந்த பிறகுதான் சமையலை யோசிக்க முடியும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த மாற்றத்தில் பிறந்தவைதான்.

சனிக்கிழமை கூடை வருகிறது. புதன்கிழமைக்குள் கீரை கொழகொழவென்று ஆகிவிடுகிறது, வெண்டைக்காயில் கறுப்புப் புள்ளி விழுகிறது. ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். எங்கே தப்பு? (ஜெயநகர்)

பெரும்பாலும் கூடை வந்த முதல் அரை மணி நேரத்தில்தான். பையோடு அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வழியில் வியர்த்த ஈரம் பைக்குள்ளேயே நிற்கும். ஈரம் படிந்த இலையில் அழுகல் கிருமிகள் வேகமாகப் பெருகும். கொழகொழப்பு அதனால் வருவது.

கூடை வந்ததும் எல்லாவற்றையும் தரையில் ஒரு பழைய துணி விரித்துக் கொட்டுங்கள். கீரைக் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். ரப்பர் பேண்ட் இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். மஞ்சள் இலையையும் நசுங்கிய இலையையும் எடுத்துவிட்டு, கழுவாமல், உலர்ந்த வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். மூடியை லேசாகத் திறந்து விடுங்கள். கீரை நான்கு நாள் தாங்கும். மண் அதிகமாக இருந்து கழுவியே ஆகவேண்டும் என்றால் மின்விசிறியின் கீழ் முழுக்க உலர்த்திய பிறகே சுற்றுங்கள். ஃபிரிட்ஜின் பின்சுவரில் இலை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இலை உறைந்து, வெளியே எடுத்ததும் துவண்டுபோகும்.

கீரை கொழகொழக்காமல் மஞ்சளாகிறது என்றால் காரணம் வேறு. பழுத்த வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம், தக்காளி ஆகியவற்றிலிருந்து எத்திலீன் வாயு வெளிவரும். அது பக்கத்தில் உள்ள கீரையை முதிரவைக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். பழத்தையும் கீரையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல், கேரட் ஆகியவற்றின் இலையை வந்த அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். இலை காயிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். இலையோடு வைத்த முள்ளங்கி இரண்டு நாளில் ரப்பர் போல வளையும். இலையை எடுத்துவிட்டால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் மூன்றும் வெப்பப் பிரதேசத்துக் காய்கள், கடுங்குளிர் ஆகாது. உங்கள் வெண்டைக்காயின் கறுப்புப் புள்ளி குளிரும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. ஈரம் துடைத்து, துணிப்பையில் போட்டு, குளிர் குறைந்த தட்டிலோ கதவு ஓரத்திலோ வைத்து மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் வெளியிலேயே இருக்கட்டும். குளிரில் தக்காளியின் மணம் போகும். உருளையின் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும்.

பிறகு சமைக்கும் வரிசை. சனி, ஞாயிறு கீரைகளுக்கு. திங்கள் முதல் புதன் வரை வெண்டை, பீன்ஸ், கத்தரி, பீர்க்கங்காய், காலிஃபிளவர். வாரக் கடைசிக்குக் கோஸ், கேரட், பீட்ரூட், நூல்கோல். நறுக்காத பூசணி, சேனை, சௌசௌ அடுத்த வாரம் வரைகூடக் காத்திருக்கும். எதைச் சாப்பிட ஆசை என்பதை விட எது முதலில் கெடும் என்று பார்த்துச் சமைத்தால், ஒரே மாதத்தில் குப்பைக்குப் போவது கண்கூடாகக் குறையும்.

ஒவ்வொரு வாரமும் சப்பசிகே சொப்பு (சதகுப்பைக் கீரை) பெரிய கட்டாக வருகிறது. அதன் வாசனை பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. (மல்லேஸ்வரம்)

தமிழ்நாட்டுச் சமையலில் அதிகம் புழங்காத கீரை என்பதால் இந்த மணம் புதிதாகத் தெரிகிறது. தனியாகக் கூட்டு வைக்காதீர்கள். ஒரு பங்கு சப்பசிகேவுக்கு இரண்டு பங்கு தண்டுக்கீரை சேர்த்துப் பாசிப்பருப்போடு கூட்டு செய்தால் மணம் அடங்கி நிற்கும். பழகிய பிறகு அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கீரைக்கு மிகவும் பொருந்துவது பருப்பு உசிலி. ஒரு கப் துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடியுங்கள். நான்கு காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். முழுக்க ஆறிய பிறகு கையால் உதிர்க்கவும். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, உதிர்த்த பருப்பைப் பொலபொலவென்று வரும்வரை வறுத்து, கடைசியில் பொடியாக நறுக்கிய இரண்டு கப் கீரையைப் போட்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும். நீண்ட நேரம் வதக்கினால் மணம் பறந்து வைக்கோல் போல ஆகிவிடும். உசிலி கட்டி கட்டியாக வந்தால் காரணம் இரண்டே: அரைக்கும்போது தண்ணீர் சேர்ந்திருக்கும், அல்லது சூட்டோடு உதிர்த்திருப்பீர்கள்.

பிள்ளைகளுக்கு அக்கி ரொட்டி நல்ல வழி. இரண்டு கப் அரிசி மாவு, முக்கால் கப் நறுக்கிய கீரை, ஒரு வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், உப்பு. மாவைக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போது ஓரம் வெடிக்கும். முற்றிய தண்டு எதிலும் வேண்டாம், வேகவே வேகாது.

ஒரே கூடையில் மூன்று கிலோ தக்காளி வந்துவிட்டது. தொக்கு செய்தால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கிறது. (ஒயிட்ஃபீல்டு)

நீர் முழுக்க வற்றவில்லை, உப்பும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தால் பூஞ்சை வராமல் இருக்காது.

ஒரு கிலோவுக்கு அளவு சொல்கிறோம். கோலார்ப் பக்கம் விளையும் புளிப்பான நாட்டுத் தக்காளி கிடைத்தால் சுவை கூடும். தக்காளியைக் கழுவித் துடைத்து, ஈரம் போக ஒரு மணி நேரம் விடுங்கள். நறுக்கி, 40 கிராம் புளி சேர்த்து, அகலமான அடிகனமான பாத்திரத்தில் மூடாமல் வேகவிடுங்கள். குழிவான பாத்திரத்தில் நீர் வற்ற நேரம் பிடிக்கும், அடியும் பிடிக்கும். இரும்புச் சட்டி கூடாது. புளிப்பு இரும்போடு வினைபுரிந்து, தொக்கு கறுத்துத் துரு வாசம் அடிக்கும். கரண்டியால் வகிடு எடுத்தால் தண்ணீர் கசியாத பக்குவத்தில் இறக்கி ஆறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் அரையுங்கள்.

150 மில்லி நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, முதலில் விழுதைப் போடுங்கள். அதன் பிறகுதான் 40 கிராம் கல்லுப்பு, 30 கிராம் மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள். மிளகாய்த்தூளை நேராகச் சுடும் எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். சிறு தீயில் கிளறக் கிளற முதலில் எண்ணெயைக் குடிக்கும், பிறகு ஓரங்களில் கக்கும். விழுது பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வருவதே பதம். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி சேர்த்து அடுப்பை அணையுங்கள். முழுக்க ஆறியதும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் இருக்கும். ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலும் கெடும்.

மீதி இரண்டு கிலோவுக்கும் தொக்கு கிளற நேரம் இல்லையா? கழுவித் துடைத்து முழுதாகவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வேண்டும்போது குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அப்படியே போடலாம்.

சுரைக்காய் லேசாகக் கசந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சமைத்தால் சரியாகிவிடுமா? (அல்சூர்)

ஆகாது. முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசந்த சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு கூடியிருக்கும். உப்பாலும் சூட்டாலும் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வயிற்றுவலி வரும். மிஞ்சினால் ரத்த வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். பச்சையாகச் சாறு குடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எச்சரித்திருக்கிறது. சுரைக்காய், பீர்க்கங்காய் எது நறுக்கினாலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் பிறகு சமையுங்கள். சாப்பிட்ட பின் உபாதை தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாகற்காயின் கசப்பு வேறு பொருளால் வருவது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிசம்பரில் கிலோ கிலோவாக அவரைக்காய் வருகிறது. பொரியல் செய்தால் நார் நாராக இருக்கிறது. வீட்டில் இரண்டே பேர். (பானஸ்வாடி)

நம் ஊரில் தோலோடு நறுக்கிப் பொரியல் செய்யும் அவரை வேறு. இங்கே மார்கழி, தை மாதங்களில் குவிவது கொட்டைக்காக வளர்க்கும் அவரை. கன்னடத்தில் அவரேகாளு என்பது இந்தக் கொட்டைதான். தோலை எறிந்துவிட்டுக் கொட்டையை மட்டும் எடுங்கள். காயில் மெல்லிய எண்ணெய்ப்பசையும் அதற்கே உரிய மணமும் இருக்கும். அந்த மணம் தூக்கலாக இருப்பதே நல்ல காய்க்கு அடையாளம். ஊசித் துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும், உரிக்கும்போதே ஒதுக்குங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தவர்களுக்குப் பிதுக்குப் பருப்பு தெரிந்திருக்கும். உரித்த கொட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் மேல்தோலிலிருந்து பருப்பு வழுக்கி வெளியே வரும். விரலைக் கிண்ணத்தின் உள்பக்கம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பருப்பு சுவரில் போய் விழும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், சமையலுக்கு வேண்டாம். கொட்டையை அரைவேக்காட்டிலும் சாப்பிடக் கூடாது.

குழம்புக்கு சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, தனியா, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு எல்லாவற்றையும் வதக்கி, தேங்காயோடு அரைத்து ஊற்றுங்கள். பிதுக்கிய பருப்பு சீக்கிரம் குழையும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். இட்லிக்கும் ராகிக் களிக்கும் இதற்கு ஈடு வேறொன்று இல்லை. தோலோடு உள்ள கொட்டைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரிக்கே கொதித்துவிடும். சென்னையில் திறந்த பாத்திரத்தில் வேகும் நேரத்தை விட இங்கே சற்றுக் கூடுதலாகும். குக்கரில் இந்தப் பிரச்சினை இல்லை. உப்பைக் கொட்டை வெந்த பிறகு போடுங்கள்.

மிச்சத்தைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் வடித்து, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்த பிறகு பையில் கட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாது, பிடி பிடியாக எடுக்கலாம். கொதிநீரில் போடாமல் உறையவைத்தால் காயின் நொதிகள் ஃப்ரீசரிலும் வேலை செய்து ஒரு மாதத்தில் சுவையைக் கெடுக்கும். பச்சைப் பட்டாணி, பீன்ஸுக்கும் இதே முறைதான்.

நூல்கோல், முள்ளங்கி, பீட்ரூட் இலைகளைச் சமைக்கலாமா? (இந்திராநகர்)

தாராளமாக. நூல்கோல் இலையின் நடுநரம்பை எடுத்துவிட்டுக் கோஸ் போல மெல்லியதாக நறுக்கிப் பாசிப்பருப்போடு பொரியல் செய்யுங்கள். முள்ளங்கி இலையில் சுணை இருக்கும், நன்றாக வெந்தால் தெரியாது. பீட்ரூட் இலையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது, மற்றவர்கள் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். தக்காளி, உருளை, கத்தரிச் செடிகளின் இலைகள் உணவுக்கு ஆகாது.

ஜூலையில் கத்தரி வற்றல் போட்டேன். வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைத்துவிட்டு வறுக்கலாமா? (ராஜாஜிநகர்)

வேண்டாம், எறிந்துவிடுங்கள். சில பூஞ்சைகளின் நச்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது. பெங்களூரின் தூறல் மாதங்களில் துண்டின் மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். வற்றலுக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் ஏற்ற காலம். ஒடித்தால் வளையாமல் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

தனியாக இருக்கிறேன். வாராவாரம் நான்கு சௌசௌவும் பூசணிக் கீற்றும் வருகின்றன. (எலெக்ட்ரானிக் சிட்டி)

சௌசௌவை நறுக்காமல் காற்றோட்டமான நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும், அவசரப்பட வேண்டாம். தோல் சீவும்போது வரும் பிசின் கையில் ஒட்டி இறுகும், விரலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தோலை எறியாமல் துவையல் அரையுங்கள். இரண்டு காயின் தோலுக்கு ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று காய்ந்த மிளகாய், கோலியளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய். பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலைச் சுருளும்வரை வதக்கி, ஆறிய பின் கெட்டியாக அரைக்க வேண்டும். தோல் சரியாக வதங்காவிட்டால் துவையலில் பச்சை வாடை அடிக்கும். சூடான சாதமும் நல்லெண்ணெயும் இருந்தால் ஒரு ஆளுக்கு அதுவே ஒரு வேளைக்குப் போதும்.

பூசணிக் கீற்றில் முதலில் அழுகுவது விதையைச் சுற்றியுள்ள நார்ப்பகுதி. வந்த உடனே விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுத்து, வெட்டுமுகத்தைத் துடைத்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நான்கைந்து நாள் இருக்கும். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் துண்டுகளாக்கி ஆவியில் வேகவைத்து மசித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று உறையவையுங்கள். புளிக்குழம்பில் கரைத்துவிட்டால் தனியாக வேறு காய் தேட வேண்டியதில்லை.